டாக்டரம்மாவிடம் நான் கேட்ட கேள்வி

பிரியமுள்ள சிட்டுவுக்கு,

ஒல்லி எழுதுவது. (இப்போது ஒல்லி இல்லை, பட்டப்பெயர் மட்டும் மிச்சம்.) நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்தேன். வாயைத் திறந்தால் சிரிப்பு வருகிறது, இல்லாவிட்டால் அழுகை வருகிறது. உட்கார்ந்து படி.

நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைத்தோமே, அதே மேஜையில்தான் இன்னும் இருக்கிறேன். ஆறு மாதமாகப் புதுச் சரக்கு. தங்க நிறப் பெட்டி, மேலே பாய்கிற குதிரை. ஆண்களுக்கான மாத்திரை. ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் பெட்டி. முதல் வாரம் பெண்கள் சிரித்துச் சிரித்துப் பெட்டிகளைக் கீழே போட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது.

போன மாதம் கம்பெனியில் ஒரு டாக்டரம்மாவை அழைத்து வந்து பெண்களுக்கு ஆரோக்கிய வகுப்பு வைத்தார்கள். சாப்பாட்டு அறையில்தான். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. ரத்தசோகை, மாதவிலக்கு, மார்பில் கட்டி என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டார். வழக்கம்போல எல்லோரும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில்தான் நான் நிற்பதே எனக்குத் தெரிந்தது.

"டாக்டரம்மா, நாள் பூரா ஆம்பளைங்க சந்தோஷத்துக்கு மாத்திரை அடைக்கிறோம். எனக்குக் கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷம். அந்தச் சந்தோஷம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இது நோயா? இல்ல, பொம்பளைங்களுக்கு அது கிடையவே கிடையாதா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டரம்மாவின் காது சிவந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் போய்க் கதவைத் தாழ் போட்டார். "நோய் இல்லக்கா. ஆனா பதில் சொல்ல அரைமணி நேரம் ஆகும். இருப்பீங்களா?" என்றார். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை!

பலகையில் எழுதியிருந்த அன்றைய சாப்பாட்டு விவரத்தை அழித்துவிட்டுப் படம் வரைந்தார். கூசாமல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சொன்னார். சிட்டு, நாற்பத்திரண்டு வருடமாக நான் தூக்கிக்கொண்டு திரிகிற உடம்பில் சந்தோஷத்துக்கென்றே ஓர் இடம் இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். நம் அட்டைப்பெட்டி அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம். அவள் கையைத் தூக்கி, "அப்ப இத்தனை வருஷமா நான் செஞ்சது வீட்டு வேலையா?" என்று கேட்டாள் பார், கூரை பறந்துவிட்டது. வெளியே சூப்பர்வைசர் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்.

மறுநாள் காலை என் கையில் ஒரு தாள். பணியிடத்தில் ஆபாசமாகப் பேசியதற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் விஷயம் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. "குடும்ப மானத்தைக் காத்துல பறக்க விட்டுட்டியே" என்று போனில் ஒரு பாட்டம் அழுதாள். அப்படியே என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாள்.

அவர் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டுக் கிரீஸ் கையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார். "அப்ப இத்தனை வருஷமும் நடிச்சியா?" என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. நாலு நாள் பேச்சில்லை. சாவி எங்கே, தண்ணீர் வருதா, அவ்வளவுதான். என்னையும் கொண்டுபோய் அம்மா வீட்டில் விட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

அந்த நாலு நாளும் உன் நினைப்புத்தான். பதினொரு வருடத்துக்கு முன்னால் அதே சாப்பாட்டு அறையில் நீ என் காதோடு சொன்னாய். எனக்கும் பிடிக்கிற மாதிரி இருங்க என்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறாய். இதெல்லாம் எவன்கிட்ட கத்துக்கிட்ட என்று அவர் உன்னைப் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நீ சொல்லி முடிக்கக்கூட இல்லை. "ச்சீ, இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமாடி?" என்று கேட்டுவிட்டு நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனேன். நீ இங்கிருந்து கிளம்புகிற வரைக்கும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி நீயும் எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை. உன் ஊர்க் குளிரையும் இங்கே பெய்கிற மழையையும் வைத்தே இத்தனை கடிதம் ஓட்டிவிட்டோம்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "அந்த டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க?" என்றார். விளக்கம் கேட்டு வந்த தாளின் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வயரிங்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்! முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்றார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். "கேக்கணும்னு எனக்கு யாரு சொன்னா?" என்றார். அவரையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? போன ஞாயிறு, பட்டப்பகல் மூன்று மணி. ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் வாயைத் திறந்து சொன்னேன். நடுவில் அவருக்குக் கால் மரத்துப்போய், இருவரும் சிரித்து, மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம், சிட்டு, எனக்குத் தெரிந்துவிட்டது! நான் ஓவென்று அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். பாவம், அவர் பயந்துபோய் வலிக்குதா என்று கேட்டு, தண்ணீர் எடுக்க ஓடி, கதவில் இடித்துக்கொண்டார்.

கம்பெனியில் இருபத்து மூன்று பேர், நாங்களும்தான் கேட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து அட்டைப்பெட்டி அக்காவுடையது. விளக்கம் கேட்ட தாளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அதன் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியுமே, தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டேன். மாதம் ஒரு தடவை டாக்டரம்மா வரப்போகிறார். சூப்பர்வைசர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நாத்தனாரும் பேசுவதில்லை.

அங்கே உனக்கென்று யாராவது இருக்கிறார்களா? இருந்தால், உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிற ஆளா? குளிரைப் பற்றி எழுதாதே. அன்றைக்கு நீ சொல்ல வந்ததை முதலிலிருந்து எழுது. எத்தனை பக்கம் ஆனாலும் சரி, திட்டுவதாக இருந்தாலும் சரி, நான் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படிப்பேன்.

தபால்காரர் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருக்கும்,
ஒல்லி