எல்லா லேபிளிலும் அப்பா பெயர்

இன்று காலை அச்சகத்திலிருந்து புது லேபிள் கட்டு வந்தது. பிரித்ததும் மை வாசனை. உடனே உன் ஞாபகம்தான். முதல் லேபிளை மூக்கில் வைத்து மோந்து பார்க்காமல் நீ வேலை தொடங்க மாட்டாய்.

லேபிள் தயாரிக்கும் நிரலுக்கு நம் முதல் ஆர்டர் எம். புதுப்பட்டி அண்ணாச்சியுடையது. பட்டாசு ஆலை ஒன்றுதான், சரக்கும் ஒன்றுதான். ஆனால் இரண்டு மகன்களுக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு லேபிள். ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் சரவெடி, புஸ்வாணம், மத்தாப்பு என்று ரூபி நிரல்மொழியில் தனித்தனி வார்ப்பு, அதாவது கிளாஸ், எழுத உட்கார்ந்தேன். நீ சிரித்தாய்.

"ஏலே, ஒரே எழவைத் திரும்பத் திரும்ப எதுக்கு எழுதுத? ரூபியவே எழுதச் சொல்லு."

அப்பா கம்பெனி மூல கிளாஸ். அதிலிருந்து பிள்ளைகள் கம்பெனிகளும் அவற்றுக்குள் சரக்கு வகைகளும் நிரல் ஓடும்போது தானாகப் பிறக்கும். ஒரு வகை ஏற்கெனவே இருந்தால் புதிதாகச் செய்யாமல் விட்டுவிடும். சில வரிகளில் முடித்துவிட்டாய்.

இந்த வேலை கைகூடாவிட்டால் நீ சென்னைக்குப் போவதாக இருந்தாய். பையும் கட்டியாயிற்று. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போகக் கூடாதென்று இருக்கன்குடி மாரியம்மனிடம்தான் வேண்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி வீட்டார் முன்னால் ஓட்டிக் காட்டினோம். வந்த லேபிள் எல்லாவற்றிலும் அப்பா பெயர்! அண்ணாச்சிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "அம்சமா இருக்கு தம்பி, இப்படியே இருக்கட்டும்."

"அப்ப எங்க கம்பெனியெல்லாம் எங்கன போச்சு?" என்றார் மகள். மூத்த மகன் எழுந்தேவிட்டார். "சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா இந்த சீசனும் பழையபடியே பாத்துக்கிடுவோம்."

நீ திரையையே முறைத்துக்கொண்டிருந்தாய். திடீரென்று தொடையில் தட்டினாய்.

"மகன் வீட்டுல ஏணி இருக்கான்னு கேட்டா, இது அப்பன் வீட்டு ஏணியப் பாத்துட்டு இருக்குங்குது. அதான் புதுசா ஒண்ணும் செய்யல."

அந்த வகை இருக்கிறதா என்று நிரல் கேட்கும் const_defined? வரியில் false என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாய். இனி அவரவர் வீட்டுக்குள் மட்டும் தேடும். மறுபடி ஓட்டினோம். மகள் தன் லேபிளைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவேயில்லை. அண்ணாச்சி முகம்தான் தொங்கிப்போனது.

"என் பேரு எங்கனப்பா?"

"பேருதான் அவுக பேரு அண்ணாச்சி. உள்ள இருக்கது அம்புட்டும் உங்ககிட்டருந்து வந்ததுதான்" என்றாய் நீ.

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்து, காராச்சேவு வாங்கிவரச் சொன்னார். சென்னைக்குக் கட்டிய பையை நீ பிரித்தாய்.

நீ கண்மூடிய நாள்வரை என் எதிர் நாற்காலியில்தான் இருந்தாய். எத்தனை சீசன், எத்தனை சண்டை! போன வாரம் அண்ணாச்சியின் பேத்தி கம்பெனியைச் சேர்த்தேன். பெயரை மட்டும் தட்டினேன். மீதியை உன் நிரல் பார்த்துக்கொண்டது. அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீ போகவில்லையடா. நான் அம்மனிடம் கேட்டது அது ஒன்றுதான், எனக்குக் கிடைத்தது.