மாற்றாள் வரும் வரை

மல்லசமுத்திரம்,
சுபானு வருஷம் மாசி மாதம்.

சிரஞ்சீவி சென்னியப்பனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகன்றுகளும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ எழுதியபடி நம்புவதற்கில்லை, பம்பாயிலிருந்து வந்த செங்கோடன் வேறு மாதிரி சொல்லிவிட்டான். பொங்கலுக்கு வராததற்குக் காரணமாக, மில்லில் யுத்த வேலை, ‘ரவுண்டு தி க்ளாக்’ உழைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அர்த்தம் கேட்டாள். கடிகார முள்ளைப்போல இரவு பகல் ஓயாமல் என்றேன். அதை மில்லுக்குச் சொல்லலாம், ஆளுக்குச் சொல்லக்கூடாது என்பது என் அபிப்பிராயம். நம் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கையில் மாற்று ஜோடி வந்து நின்ற பிறகுதான் ஓடுகிற ஜோடியை அவிழ்ப்போம். தண்ணீர் ஓயாது, மாடு ஓயும். உன் அம்மாவும் அதைத்தான் கேட்டாள், “மில்லு ஓடட்டுமுங்க, நம்ம சாமிக்கு மாத்தாளு யாருங்க?” என்று. நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன்.

பதில் செங்கோடனிடம் இருந்தது. உன்னோடு வேலை செய்யும் தம்மம்பட்டி தீர்த்தகிரி காய்ச்சலோடு ஊருக்குப் போனதும், அவன் இடம் பறிபோகாமலிருக்க இரவு முறைக்கு அவன் பேரிலும் நீயே ஆஜர் கொடுக்கிறாயாம். மேஸ்திரிக்கு மதராஸிகள் எல்லோரும் ஒரே முகமாம். நின்றபடியே நீ கண் சொக்கியபோது இயந்திரத்தின் பட்டைவார் உன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததாம், சட்டை கிழிந்ததால் கை தப்பியதாம். மில் துணிக்கு உறுதி போதாது என்று இத்தனை காலம் பேசிவந்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாளே தம்மம்பட்டிக்குப் போனேன். தீர்த்தகிரி காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, சேவற்கட்டில் இருந்தான். “அதான் உங்க பையன் பாத்துக்கறானேன்னு இருந்துட்டேங்க” என்றான். நான் கோபிக்கவில்லை. அவன் தாய் மயிலம்மாளிடம் சட்டை கிழிந்த கதையை மட்டும் சொன்னேன். அவளே மூட்டை கட்டி, சேலம் ஜங்ஷன் வரை வந்து அவனை ரயிலேற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள். ரயில் போய்ச் சேரும்வரை உன் அம்மா உன் கையையே நினைத்துக்கொண்டிருப்பாள், நானும்தான்.

இக்கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். ஆகவே இதை நீ படித்தால் மாற்று ஜோடி வந்தாயிற்று. வறுத்த கடலையும் அனுப்பியிருக்கிறோம், வழியில் தின்றுவிட்டானா என்று கேள். ஒருவனுக்கு இடம் காத்தது நல்ல காரியம்தான், அதை நான் இக்கடிதத்தின் முதலிலேயே எழுதியிருந்தால் நீ இரட்டை வேலையை நிறுத்தியிருக்க மாட்டாய். செங்கோட்டு வேலவன் உன்னைக் காப்பானாக. ஊர்ச் சமாசாரம் பின்பக்கம் இருக்கிறது. அதைத் தூங்கி எழுந்து படி.

இப்படிக்கு,
உன் அப்பா
செங்கோட்டையன்