அம்மா அழித்த கோடு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்த முறை முடியவில்லை. போனில் நான் சொன்னது பாதிதான், மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

உன் தம்பிக்கு வந்தது வெறும் காய்ச்சல் இல்லையம்மா. அன்றைக்கு விபத்தில் அடிபட்டு மண்ணீரலை எடுத்தபோதே, அது இல்லாத உடம்பு கிருமியைத் தாங்காது, காய்ச்சல் அடித்தால் உடனே ஓடிவா என்று சொல்லியனுப்பினார்கள். இவன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு லிப்ட் பழுதுபார்க்கப் போய்விட்டான். கிருமி ரத்தத்தில் பரவி, சின்னச் சின்னக் குழாய்களில் ரத்தம் உறைந்து, தோல் கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத்திட்டாகி, இப்போது இரண்டு பாதமும் கருத்துவிட்டன. உயிர் தப்பிவிட்டது, கால்தான் கேள்வி. கருப்பு எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் காலை எடுப்பார்களாம். ஏறுகிறதா என்று பார்க்க டாக்டர் அதன் ஓரமாகப் பேனாவால் கோடு போட்டுவைத்தார்.

உன் அம்மா ஆயுசு முழுக்கத் துணி தைத்தவள். கோடு விழுந்தால் அடுத்தது கத்தரி என்பதுதான் அவள் அறிந்தது. உடம்பு துடைக்கிற சாக்கில் ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு காலிலும் கோட்டைச் சுத்தமாக அழித்துவிட்டாள். டாக்டர் கோபப்படவில்லை. புதுக்கோடு போட்டு முதலிலிருந்து பார்க்கவேண்டும், அதற்குள் புண்ணில் சீழ் பிடித்தால் முழங்கால்வரை போகலாம் என்றார். எங்களால் வெட்டுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை, வேண்டாமென்று கூட்டிவரவும் முடியவில்லை. அம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். என்னைத்தான் உள்ளே அனுப்புகிறாள், வந்ததும் முகத்தைப் பார்க்கிறாள்.

அவன் மட்டும் சிரிக்கிறான். இத்தனை வருஷம் மாடியேறிப் போய் லிப்டைச் சரிபண்ணியாச்சு, இனிமேல் லிப்டில் போய்த்தான் லிப்டைச் சரிபண்ணணும் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்று காலை இடது காலில் கருப்பு புதுக்கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. வலதில் ஒரு விரல் அகலம் தாண்டிவிட்டது. மறுபடி போட டாக்டர் பேனாவை எடுத்தபோது அம்மா தானாக உள்ளே வந்தாள். அவன் குதிகாலை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு, "ஆட்டாதடா, கோடு கோணிடும்" என்றாள்.

காய்ச்சலென்றால் அங்கே யாரும் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். அம்மா போனை எடுத்தால் குழந்தையைப் பேசவிடு, கோட்டைப் பற்றிக் கேட்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருங்கள்.

உன் அப்பா