அவர் கேட்ட மன்னிப்பு

8.7.2024, திங்கள்
கடலூரில் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு வலது நுரையீரலில் கட்டி. கேன்சராக இருக்கலாம், சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டில் வைத்தே கத்தினேன். முப்பது வருஷ கண்டக்டர் வேலை, முப்பது வருஷ சிகரெட். ரிடையர் ஆகியும் விடவில்லை. கோவிந்தசாமி யார் பேச்சைக் கேட்டார்? நாலு பேர் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

10.7.2024
இரண்டு இட்லி வைத்தேன். ஒன்றை ஒதுக்கிவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

15.7.2024, திங்கள்
சிதம்பரம். முதுகில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். திரும்பும்போது, புதுச்சத்திரம் தாண்டியதும் என் கையைப் பிடித்தார். "நீ சொன்னத கேக்காம உன்ன நடுவுல விட்டுட்டுப் போறேன். மன்னிச்சிடு மாலதி." கையை உருவிக்கொண்டேன். அவ்வளவு ஆத்திரம்.

22.7.2024
கேன்சர் இல்லை.

சந்தோஷமாக எழுத வேண்டிய வரி. இவர் எக்ஸ்ரேக்குப் போன நேரம் டாக்டர் இளமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எடுத்த சதையில எண்ணெய் இருக்கும்மா. மூக்குல ஏதாவது விடுறாரா?"

"நான்தான் விடுறேன். மூக்கு காயுதுன்னு... படுக்கும்போது நல்லெண்ணெய், ரெண்டு சொட்டு. ஜாஸ்தி இல்ல டாக்டர்."

"எத்தினி நாளா?"

"ஏழு வருஷம்."

அது கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிட்டதாம். ஸ்கேனில் கேன்சர் போலவே தெரியுமாம். நிறுத்தினால் மேலே பரவாது. ஆனால் தழும்பாகிப்போன இடம் திரும்பாது. மூச்சு இனி இவ்வளவுதான்.

சிகரெட் இல்ல. நான். எம்மாம் ஆசையா காய்ச்சி ஊத்துனேன் — என் கையாலயே பண்ணிட்டேனே!

"அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன் டாக்டர்" என்றேன்.

27.7.2024
சொல்லவில்லை. கேன்சர் இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எண்ணெய் ஏன் விடவில்லை என்று கேட்டார். கொஞ்ச நாள் வேண்டாமாம் என்றேன்.

1.9.2024, ஞாயிறு
தம்பி அன்பரசு வந்திருந்தான். அவன் சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட்டைப் பார்த்ததும் இவர் பிடித்துக்கொண்டார்.

"இத விட்டுடு மச்சான். என்னப் பாரு, நாலு வார்த்த பேசறதுக்குள்ள இழுக்குது. ஒங்க அக்கா தலபாடா அடிச்சிகிட்டா. நான்தான் கேக்கல. எல்லாம் நானா தேடிக்கிட்டது."

சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அன்பரசு என் பக்கம் திரும்பினான். "அப்பிடியாக்கா? டாக்டரும் அதத்தான் சொன்னாங்களா?"

"ஆமாம்டா" என்றேன்.