சட்டைக் கை? பொத்தான் போட்டாச்சு

கோக்-தால்,
செவ்வாய்க்கிழமை

கனிஷாயின் அப்பாவுக்கு,

புருல் எழுதுவது. இங்கே நானும் மாடும் ஆடுகளும் நலம். அங்கே உங்கள் உடம்பும் தூக்கமும் நன்றாக இருக்க வேண்டும் என்று இறைவனை வேண்டுகிறேன். கனிஷாயைப் பற்றியும் நலம் என்று எழுதத்தான் ஆசை, பேனா ஓடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ரகிமாவின் தம்பி உங்கள் மர ஆலைக்கே வேலைக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தொலைபேசி உங்கள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நான் பேசும்போது அவர் எதிரிலேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். ஆமாங்க, சரிங்க என்பதைத் தவிர ஒரு மருமகள் அங்கே என்ன பேசிவிட முடியும்?

குளிர்காலத்துக்குப் புல் சேர்த்தாகிவிட்டது. சிவப்பு மாடு சினையாக இருக்கிறது. கொட்டில் கூரையின் அந்த மூலை இன்னும் ஒழுகுகிறது, நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பட்டறையில் பிள்ளைக்குக் கையில் காயம், வாத்தியாரின் கவனக்குறைவு என்று உங்களிடம் அண்ணன் சொன்னாராம். காயம் இல்லை. கனிஷாய்க்கு வலது முழங்கைக்குக் கீழே கை இல்லை. நேராக எழுதிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எழுதவே மாட்டேன். முதலில் உட்காருங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்.

எஸ்தெபெஸ் அகாயை உங்களுக்குத் தெரியும். மரவேலை வாத்தியார், சிடுமூஞ்சி, பிள்ளைகள் தும்மினால்கூட இயந்திரத்தை நிறுத்திவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் பிள்ளைக்குக் கட்டிவிட்ட கண்ணேறு மணியைக் கழற்றச் சொன்னார் என்று அவரோடு சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. "மணி கண்ணேறைப் பாத்துக்கும்மா, இயந்திரத்தப் பாத்துக்காது" என்றார். பட்டறைக் கதவோரம் ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். பிள்ளைகள் மணியையும் மோதிரத்தையும் கயிற்றையும் அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதன் பிறகும் இயந்திரம் ஓடாது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். அகாய் சத்தமாகக் கேட்பார், பிள்ளைகள் சேர்ந்து பதில் சொல்வார்கள். சட்டைக் கை? பொத்தான் போட்டாச்சு அகாய். தலைமுடி? கட்டியாச்சு அகாய். மணிக்கட்டு? வெறுங்கை அகாய். கண்ணாடி? மாட்டியாச்சு அகாய். எல்லாம் முடிந்த பிறகுதான் கழுத்தில் தொங்கும் சாவியை எடுத்துச் சுவரில் இருக்கும் பூட்டில் போடுவார். அந்தச் சாவியைத் திருப்பாமல் பட்டறையில் ஒரு ஈகூடச் சுற்றாது.

நம் பெண்ணுக்கு அந்தப் பாட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் நான் தேநீர் சமோவாருக்குத் தீ மூட்டப் போனாலும் பின்னால் வந்து நின்று "சட்டைக் கை?" என்று கேட்பாள். பதில் சொல்லாமல் தீக்குச்சியைத் தரமாட்டாள்.

அவள் கடைந்த தொட்டில் கால்களுக்கு மாவட்டப் போட்டியில் முதல் பரிசு வந்தது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்குப் புதுக் கடைசல் இயந்திரமும் அதே வாரத்தில் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து விழா வைத்தார்கள். ஊர்த் தலைவர் என்பதால் உங்கள் அண்ணன்தான் தலைமை. போன வருடம் "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு உளி, மாவு பெசையட்டும்" என்று சிரித்தவர், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி, தன் கையாலேயே அவளுக்குச் சாபன் போர்த்தினார். நீல வெல்வெட் அங்கி, விளிம்பெல்லாம் பொன் பின்னல். பெரிய ஆளுக்குத் தைத்தது போல. கை இரண்டும் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

அப்புறம் புது இயந்திரத்தை அவளே ஓட்டிக் காட்டட்டும் என்றார். அகாய் கிட்டே வந்து, அங்கியைக் கழற்றிவிட்டு வா என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். அவள் தோளைத் தளர்த்தக்கூடச் செய்தாள். உங்கள் அண்ணன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நான் போர்த்துன சாபன, நான் இங்க நிக்கையிலயே கழட்டுவாங்களா? என்னைய எப்ப, வாத்தியாரே, பொணமாக்குனீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். போர்த்தியவர் வாசலைத் தாண்டும் வரை சாபனைக் கழற்றுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கனிஷாய் என்னைப் பார்த்தாள். நான் கதவருகில் மற்ற மருமகள்களோடு நின்றிருந்தேன். அவர் முன்னால் நான் என்றைக்குத் தலை நிமிர்ந்திருக்கிறேன்?

அகாய் இன்னொரு தடவை, "வேணாங்க, பெரியவரே, மர வேலைக்கு ஆகாது" என்றார். "ஒரு நிமிஷந்தானே, படம் புடிக்க ஆள் வந்திருக்கு" என்றார் உங்கள் அண்ணன். அகாய் அவள் அங்கிக் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். வெல்வெட் எங்கே மடிப்பில் நிற்கும். பிறகு வழக்கம் போலக் கேட்டார். சட்டைக் கை? பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லோரும், அந்த அங்கிக் கை ஏற்கனவே அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டே, வாய்ப் பழக்கத்தில் ஒரே குரலாகச் சொன்னார்கள். பொத்தான் போட்டாச்சு அகாய். விருந்தினர்கள் கை தட்டினார்கள். நம் பெண்ணும் சேர்ந்துதான் சொன்னாள், நான் கேட்டேன்.

அதற்கு மேல் எழுத மாட்டேன். அகாய்தான் பாய்ந்து நிறுத்தினார். அவர் சட்டையைக் கிழித்துத்தான் கையைக் கட்டினார்.

இப்போது அகாய் மேல் வழக்கு. வருகிற வாரம் நீதிமன்றம் கூடுகிறது. உங்கள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, வாத்தியார் ஒரு வார்த்தையும் எச்சரிக்கவில்லை என்று சொல்லிவிடு, நமக்கு வேறு பேச்சு வேண்டாம் என்றார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் அவர் ஆட்கள் அல்லது அவருக்குப் பயந்தவர்கள். பிள்ளைகளை விசாரிக்கப் போவதில்லையாம். நான் வாய் திறக்காவிட்டால் அந்த மனிதர் சிறைக்குப் போய்விடுவார். நீங்கள் உங்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உள்ளதைச் சொல்ல புருலை விடுங்கள் என்று மட்டும். தம்பி சொன்னால் கேட்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் சொல்லுங்கள்.

கனிஷாய் யாரோடும் பேசுவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கிழிந்த அங்கிக் கையைப் பொன் நூலால் தைத்து, உங்கள் அண்ணனின் பெரிய வீட்டிலிருந்து சாபனைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போர்த்திய சாபனை வேண்டாம் என்று சொல்லக் கூடாதாம்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
புருல்


கோக்-தால்,
முதல் பனி விழுந்த மறுநாள்

கனிஷாயின் அப்பாவுக்கு,

இறைவன் உங்களுக்கு நல்ல உடம்பைத் தரட்டும். நீங்கள் கூப்பிட்டதாக ஆள் வந்து சொன்னதும் பால் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "அண்ணன் சொல்றபடி செய், புருல், நமக்கு எதுக்கு ஊர் வம்பு" என்றீர்கள். நான் சரிங்க என்றேன். கடிதத்தைப் படித்தீர்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. உங்கள் குரல் கம்மியிருந்ததால் படித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நீதிபதி ஒரு பெண், நம் பக்கத்து ஆள் இல்லை. அங்கியைக் கழற்றச் சொன்னாரா வாத்தியார் என்று கேட்டார். சொன்னார் என்றேன், இரண்டு தடவை சொன்னார். யார் தடுத்தது என்றார். எங்கள் வீட்டுப் பெரியவர் என்றேன். "பெரியவர்னு எழுத முடியாதும்மா, பேர் சொல்லுங்க" என்றார். உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை என் நாக்கு தொட்டதில்லை. அந்தப் பெயர் உள்ள பக்கத்து வீட்டுச் சிறுவனைக்கூட நான் வேறு பெயரில்தான் கூப்பிடுகிறேன். உங்கள் அக்காமார் முன் வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துர்குன்பெக் என்றேன். கேட்கவில்லை என்றார் நீதிபதி. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். உங்கள் பெரிய அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். உங்கள் அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை, தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

இத்தோடு அகாய் தப்பித்தார் என்று நினைத்தேன். அவ்வளவு மடச்சியாக இருந்திருக்கிறேன். அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இந்த அம்மா சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். உண்மைதான் என்றார். "ஆனா சாவி என் கழுத்துல கெடந்துச்சுங்க. போட்டவன் நான். விருந்தாளி ஆயிரம் சொல்லுவாரு, சாவி அவருகிட்ட இல்லையே. இருவது வருஷமா புள்ளைங்களுக்கு இததான் சொல்லிக் குடுத்திருக்கேன், திருப்புற கைதான் பொறுப்புன்னு. இப்ப மாத்திச் சொன்னா அதுங்க எதை நம்பும்?" என்றார். அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அங்கேயே அழுதேன். ஆத்திரம்தான் வந்தது எனக்கு, அவர் மேல்.

அகாய்க்கு மூன்று வருடம் சிறை. உங்கள் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை, விருந்தாளி பேச்சுக்குச் சட்டத்தில் தண்டனை கிடையாதாம். பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் அங்கே நாற்காலிகளைப் போட்டு வைக்கப் போகிறார்களாம். கதவோரத்து ஆணிகளில் அன்றைக்குப் பிள்ளைகள் மாட்டிய மணிகள் இன்னும் தொங்குகின்றன, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நம் பெண்ணுடையதும் அங்கேதான் இருக்கிறது. அவள் அதை மட்டும் ஒழுங்காகக் கழற்றியிருந்தாள்.

பெரிய வீட்டிலிருந்து இப்போது யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. சாபனை மடித்து அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் நம் வேலிக்கு மேல் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். பனியில் கிடக்கிறது. எடுக்க எனக்கு மனம் வரவில்லை, கொளுத்தவும் துணிச்சல் இல்லை. நாய் அதன் மேல் படுக்கிறது. உங்கள் தொலைபேசிக்கு இனி ஓட எனக்கு வழியில்லை, எழுதினால்தான் உண்டு.

தீர்ப்பை நான் கனிஷாயிடம் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டாள். நேற்று நான் சமோவாரை மூட்டக் குனிந்தபோது பின்னால் வந்து நின்றாள். கேட்பாள் என்று நினைத்து என் சட்டைக் கையை நானே இழுத்துப் பிடித்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. அப்பாவோட ஆலையில சாவி யார் கழுத்துல இருக்கும்மா என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் பேசியது இதுதான். எனக்குத் தெரியாது என்றேன். திரும்பவும் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவளுக்கு எழுதுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எப்படிப்பட்டவர், சாவியைத் திருப்பும் முன் உங்களைப் பார்க்கிறாரா, இதை மட்டும் எழுதினால் போதும். பொய்யாக இருந்தாலும் எழுதுங்கள். இறைவன் உங்கள் இரண்டு கைகளையும் காப்பாற்றட்டும். அங்கே உங்களை நிறுத்திக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள், அதனால் நான் கேட்கிறேன், சட்டைக் கை? தினமும் வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். சொல்லும்போது குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். என்றைக்காவது உங்களைப் பாராட்டி யாராவது தோளில் எதையாவது போர்த்தினால், அவர் யாராக இருந்தாலும், உங்கள் அண்ணனே ஆனாலும், அவர் கண் முன்னாலேயே கழற்றிவிடுங்கள்.

உங்கள் சட்டைக் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்,
புருல்