வெள்ளியிலை இருந்த கறுப்பு

செவ்வாய், நவம்பர் 11
தூறல். எசன் நகரத்திலை பஸ் பிந்தி, வேலை செய்யிற பழைய மாளிகைக்கு, ஷ்லோஸுக்கு, நனைஞ்சுதான் போனன். சனிக்கிழமை விருந்து. வெள்ளிச் சாமான் முழுக்க இறக்கியாச்சு: கரண்டி, முள்ளு, உப்புக் கிண்ணம், மேசை நடுவிலை வைக்கிற பெரிய பழத்தட்டு. அதைத் தாங்கிறது செட்டை முளைச்ச ரெண்டு குழந்தையள். கண், தலைமயிர், முந்திரிகைக் குலை இடுக்கெல்லாம் ஒரே கறுப்பு. ஒருத்தரும் ஒழுங்கா மினுக்கேல்லைப் போலை.

புரோபெட்சைட், வேலைக்கு வைச்சுப் பாக்கிற காலம், முடியப்போகுது. இவ்வளவு காலமும் விடியக்காலமை, ஆக்கள் வேலைக்கு வரமுன்னம், கந்தோர் கந்தோரா நிலம் துடைச்சனான். இதுதான் கதிரையிலை இருந்து செய்யிற முதல் வேலை. விடமாட்டன்.

புதன்
அங்கை தந்த மினுக்கிற களிம்பு இடுக்குக்குள்ளை போகேல்லை. நான் ஆர்? வீட்டிலையிருந்து திருநீறு கொண்டு போனன். சாமி விளக்கு அதாலைதானே மினுக்கிறது. பழைய பல் பிரஷ். பின்னேரம் வரை உரஞ்சினன். ஒரு பொட்டுக் கறுப்பில்லை. மனசுக்குள்ளை நல்ல புளுகம், சந்தோசம். வெங்காயம் வாங்க மறந்திட்டன்.

வியாழன்
குளிர். வீட்டுக்காரச் சீமாட்டி, பாரோனின் எண்டு கூப்பிடுறது, வந்து பாத்தா. குனிஞ்சு தட்டைத் தடவினா. பிறகு கேட்டா, "இதுகளுக்குக் கண் எங்கை?"

உண்மைதான். முகம் வழவழவெண்டு கிடக்கு. இலை எது, பழம் எது, தெரியேல்லை. அந்தக் கறுப்பாலைதானாம் செதுக்கு வேலை எடுபடுறது. பரம்பரையா வேணுமெண்டே விட்டு வைச்சதாம். மேட்டை மட்டும்தான் துடைக்கிறதாம்.

"எங்கடை வீட்டிலை கறுப்போடை விளக்குக் கொளுத்த மாட்டம்," எண்டன். திருநீற்று டப்பாவைக் காட்டினன். மணந்து பாத்தா.

"சாம்பலோ?"

"ஓம்."

டப்பாவைத் திருப்பித் தந்திட்டுப் போட்டா. ஏசியிருந்தால் ஆறியிருப்பன். இந்த வேலை போகப்போகுது எண்டு வீட்டிலை இவரிட்டை, என்ரை மனுசனிட்டை, சொன்னன். "வேறை வேலை கிடைக்காதே?" எண்டார். அவருக்கென்ன, நிலம் துடைச்சுத் தேஞ்ச முழங்கால் என்ரைதானே.

சனி
தட்டை ஒளிப்பா எண்டு நினைச்சன். நடுவிலை வைக்கச் சொன்னா. மெழுகுதிரி வெளிச்சத்திலை கண்ணைக் கூசிச்சுது.

ஒரு விருந்தாளி கேட்டார், "புதிசோ?"

"இல்லை, குளிச்சிட்டு வந்திருக்கு," எண்டா பாரோனின். எல்லாரும் சிரிச்சினம். நான் சூப் கோப்பை எடுக்கிற சாட்டிலை குசினிக்குப் போயிட்டன். எத்தினை பேர் பொத்திப் பொத்தி வைச்சதை ஒரு பகலிலை கழுவி ஊத்திப்போட்டன். வெக்கமாக் கிடந்துது.

வாங்க: வெங்காயம், பாண், இவற்ரை மருந்து.

திங்கள்
வெயில். பாரோனின் கூப்பிட்டா. நானே முந்திக் கேட்டன், "கறுப்புத் திரும்ப வர எவ்வளவு காலம் செல்லும்?"

"என்ரை வயசுக்கு நான் பாக்கமாட்டன். நீங்கள் பாக்கலாம், கை வைக்காமல் இருந்தால்."

"அப்ப நான் நிக்கலாமோ?"

"பின்னை ஆர் இருந்து அதைக் கறுக்க விடுறது?"

காய்ஞ்ச சீலையாலை தூசு மட்டும் தட்டினன். மினுக்கக் கை துருதுருத்துக்கொண்டு கிடக்கு.