கருவாவைக் கூப்பிடாத நாள்

அப்பா,

நீங்கள் விட்டுப்போன டிரங்குப் பெட்டியை இன்று காலை என் செம்பூர் வீட்டில் வைத்துத் திறந்தேன். விளக்கெண்ணெயும் தோலும் கலந்த வாசனைதான் முதலில் வந்தது. இரண்டு வேட்டி, அம்மாவின் படம், அடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். பிரித்தால் கருவாவைக் கட்டும் வார். நாய் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வார் மட்டும் நேற்றுத் தைத்ததுபோல் மெத்தென்று இருக்கிறது. எண்ணெய் போடாவிட்டால் தோல் வெடித்துவிடும் என்பீர்கள். அப்படியானால் இத்தனை வருஷமும் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அதன் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அறுபதுகளில் தாராவியில், தோல் பதனிடும் வேலைக்குப் போன வேறு யாரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலை ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சந்தில் உங்களைக் கிறுக்கு என்றே சொன்னார்கள். மழை நின்று ஐப்பசி பிறந்தால் உங்களுக்கு வீடு தங்காது. "வாரம் பூரா சுண்ணாம்புக் குழிய மோந்த மூக்கு, ஒரு நாளாவது மலைக்காத்த மோக்கட்டும்ட்டி" என்பீர்கள். அம்மா புளிச்சோறு கட்டுவாள். சயானில் ரயில் ஏறுவோம். கார்டு பெட்டி நாய்க்கூண்டுக்குள் கருவா மலையடிவாரத்துக் கர்ஜத் வரை ஊளையிட்டுக்கொண்டே வரும். உச்சிக்குப் போனதும் வாரை அவிழ்த்துவிடுவீர்கள். அது எங்கே ஓடினாலும் "ஏலே கருவா, வாலே" என்று ஒரு குரல் போதும், காதை மடக்கிக்கொண்டு வந்து காலடியில் படுத்துவிடும்.

அந்த ஞாயிறு அம்மாவும் தம்பியும் கீழே ஓடைக்கரையில் தங்கிவிட்டார்கள். நீங்களும் நானும் கருவாவும்தான் மேலே போனோம். உச்சியில், என்னோடு மாட்டுங்கா பள்ளியில் படித்த கல்யாணி தன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியில் நான் உங்களை ஒரு ஆபீஸில் கிளார்க்காக்கி வைத்திருந்தேன். தோலைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அன்றைக்கு நீங்கள் காக்கி அரை டிராயரும், தலையில் துண்டும், கையில் கம்புமாக நின்றீர்கள். கால்களில், தோல் ஊறப்போடும் கடுக்காய்ச் சாறு ஏறிய கறை. யாரோடு வந்தாய் என்று கல்யாணியின் அப்பா கேட்டார். வீட்டார் கீழே இருக்கிறார்கள், இவர் இந்த மலைக்காரர், வழி காட்ட வந்தவர், தமிழ் தெரியாது என்றேன். நாக்கு கூசவில்லை. இப்போது எழுதும்போதுதான் கூசுகிறது.

நான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கல்யாணியின் அப்பா தன் கூடையை நீட்டி, பாறை நிழலில் வைக்கச் சொன்னார். "ஹோ சாஹேப்" என்று வேலையிடத்து மராத்தியில் சொல்லி வாங்கிக்கொண்டீர்கள்.

அப்போதுதான் கருமூஞ்சிக் குரங்குக் கூட்டம் ஒன்று பள்ளத்துக்குள் இறங்கியது. அவிழ்த்துவிட்டிருந்த கருவா பின்னாலேயே பாய்ந்தது. நீங்கள் விளிம்புக்கு ஓடி, "யே, யே, இக்கடே யே" என்று மராத்தியில் கூப்பிட்டீர்கள். நம் வீட்டில் அதனிடம் யாரும் மராத்தி பேசியதில்லை. கருவா ஒரு பாறைமேல் நின்று மேலே பார்த்தது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் ஒரு தலையசைத்திருந்தால் போதும், தமிழில் கூப்பிட்டிருப்பீர்கள். நானே கூப்பிட்டிருக்கலாம். கல்யாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளோட நாயாடி?" என்றாள். ஆமாம் என்றேன். கருவா இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூங்கில் புதருக்குள் இறங்கிப்போனது.

அவர்கள் கிளம்பும்வரை நீங்கள் மராத்திக்காரராகவே இருந்தீர்கள். அவர்கள் தலை மறைந்த பிறகுதான் உங்கள் தமிழ் வந்தது. பொழுது சாயும்வரை கூப்பிட்டீர்கள். பள்ளம் முழுக்க "வாலே, வாலே" என்று எதிரொலித்தது. வரவில்லை. கீழே அம்மா அழுதபோது, "வார அவுத்தது நாந்தான், எந் தப்பு" என்று சொல்லிவிட்டீர்கள்.  ரயில் சயான் வந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "நாளைக்கு அந்தப் பிள்ளயப் பாத்தா எப்பயும் போலப் பேசு. ஒண்ணும் காட்டிக்கிடாத." அதற்கு அடுத்த இரண்டு ஞாயிறும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பிறகு நாம் மலைக்கே போகவில்லை.

என் கல்யாணத்துக்குக் கல்யாணி வந்தாள். அவள் சாப்பிட்டுக் கிளம்பும்வரை நீங்கள் சமையற்கட்டில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். போட்டோவுக்கு நிற்கும்போது அப்பா எங்கே என்று அம்மா தேடினாள். எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆள் அனுப்பவில்லை. அந்தப் படத்தில் நீங்கள் இல்லை. பார்க்கிறவர்கள் கேட்டால் பந்தி வேலையாக இருந்தார் என்பேன். ஒரு நாள்கூட நீங்கள் என்னை ஏன் என்று கேட்டதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி, அழுது, ஆறியிருப்பேன்.

வாரை எண்ணெய் தொட்டுத் துடைத்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன். இனி ஐப்பசிக்கு ஐப்பசி அது என் வேலை. வைப்பதற்கு முன்னால் அதைக் கையில் சுற்றிக்கொண்டு, "ஏலே கருவா, வாலே" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். பக்கத்து பிளாட்டில் கேட்டுவிடக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கூப்பிட்டேன், அப்பா.